எட்டாவது மணி நேரம்

— பதினோரு மணி நேரம் நாலு நிமிஷம். கல்லுல அப்படித்தான் வெட்டியிருக்காங்க. நேரத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, அண்ணா.

— பின்ன எதுக்குக் காலங்காத்தால பட்டறைக்கு ஓடி வந்திருக்க? உன் பேரைத் தப்பா வெட்டிட்டாங்களா?

— பேர் சரியா இருக்கு.

— இருபத்தேழு கிலோமீட்டர்?

— அதுவும் இருக்கு. தீவுல இருந்து கரை வரைக்கும்னு தேதியோட இருக்கு. அதுக்குக் கீழ ஒரு வரி. "படகைத் தொடாமல், எங்கும் ஓய்வெடுக்காமல்."

— அது நான் சொல்லி வெட்டினது! உன் பேர்ல நீச்சல் குளம் கட்டின இன்ஜினியர், பேரும் நேரமும் போதும், கல்லுல இடம் இல்லைன்னாரு. நான் விட்டேனா? ரெண்டு நாள் அவர் பின்னாடியே சுத்தினேன். என் தங்கச்சி படகைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வந்தான்னு எவனும் நினைச்சுடக் கூடாது பாரு.

— அந்த வரியை எடுக்கச் சொல்லணும்.

— என்னது?

— ஐயையோ, கல்லுல வெட்டினதை எப்படி எடுப்பாங்க, நாத்தனாரே? ரப்பர் போட்டுத் தேய்க்கவா?

— எடுக்க முடியலைன்னா சாயங்காலம் மேடையில நானே சொல்லிடுவேன், அண்ணி. அதுக்கு முன்னாடி இவன்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்.

— என்னத்தைச் சொல்லுவ?

— நான் படகைத் தொட்டேன்னு.

— என்னங்க, அந்த ஸ்பேனரை முதல்ல கீழ வைங்க. கால்ல போட்டுக்கப் போறீங்க.

— இவ என்ன உளர்றா? காய்ச்சலா உனக்கு?

— காய்ச்சல் இல்ல. எட்டாவது மணி நேரத்துல இடது கையை நீட்டினேன். உள்ளங்கை பலகையில பட்டுச்சு. எடுக்கல, அப்படியே வெச்சுக்கிட்டேன். மூணு மூச்சு விட்டேன். எண்ணினேன், மூணு. அப்புறம் தள்ளிவிட்டுட்டு நீந்தினேன்.

— அட போ, தவளை! கனவு கண்டிருப்ப. எட்டு மணி நேரம் உப்புத் தண்ணியில கெடந்தா யாருக்கும் மூளை ஊறித்தான் போகும்.

— விதி உனக்குத் தெரியும். படகைத் தொட்டா அந்த நொடியே எல்லாம் செல்லாது. அதுக்கப்புறம் நீந்தினதெல்லாம் சும்மா குளியல்.

— மூணு மூச்சு பிடிச்சதுக்கு மீதி மூணு மணி நேரமும் குளியலா? நல்லா இருக்கே உங்க விதி!

— ஒரு விரல் பட்டாலும் அதேதான், அண்ணி.

— சரி, தவளை, இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் இது உனக்கு ஞாபகம் வந்துச்சா?

— தினமும் ஞாபகம் வந்துச்சு. யாரும் கேட்கல, நானும் சொல்லல. எத்தனை மணி நேரம்னு கேட்பாங்க. பயமா இல்லையான்னு கேட்பாங்க. படகைத் தொட்டியான்னு ஒருத்தர் கூட கேட்டதில்ல. நேத்து அந்தக் கல்லு கேட்டுச்சு. துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்க. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

— யாரு உன்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னது? இன்னைக்கு அஞ்சு மணிக்குத் திறக்கறப்போ பார்த்தா போதாதா? ஆசையா வெச்சிருந்தேன்!

— பார்க்காம இருந்திருந்தா அஞ்சு மணிக்கு எல்லார் முன்னாடியும் பார்த்திருப்பேன். அது இன்னும் மோசம்.

— இதோ பாரு. பட்டறைக்கு இன்னைக்கு லீவு விட்டிருக்கேன். பதினேழு பேரும் குடும்பத்தோட வர்றாங்க. படகுத்துறையில இருந்து தனியா ரெண்டு வேன். எனக்கு மேடையிலேயே நாற்காலி. முன்வரிசையில இல்ல, மேடையில! ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க.

— அந்த ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வாரமா ஒத்திகை, நாத்தனாரே. குளிக்கறப்போ, பல் விளக்கறப்போ, ஒரே பேச்சு. புதுச் சட்டை வேற. சட்டையை இஸ்திரி போட்டுட்டேன், கையைத்தான் ஒண்ணும் பண்ண முடியல. மூணு தடவை சோப்புப் போட்டும் நகத்துல இருக்கற கிரீஸ் போகல.

— கிரீஸ் இருக்கட்டும். என்ஜின் மெக்கானிக் கை அப்படித்தான் இருக்கும். அதுல எனக்கு ஒரு வெட்கமும் இல்ல.

— என்ன பேசப் போற, அண்ணா?

— உனக்கு எதுக்கு இப்போ? மேடையில கேளு.

— நான் சொல்றேன், எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. "அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் தங்கை தண்ணீரில் இறங்கினாள். இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, அண்ணா, கரையில் பார்க்கலாம் என்றாள்." இங்க கொஞ்சம் நிறுத்துவாரு. கைதட்டறதுக்கு.

— நான் அப்படிச் சொல்லவே இல்ல.

— சொன்ன!

— "தொப்பி இறுக்கமா இருக்கு"ன்னு சொன்னேன். நீ வந்து காதுக்கு மேல இழுத்துவிட்ட.

— அது வேற. அதுக்கப்புறம் சொன்ன.

— அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல. பல்லு கிட்டிக்கிச்சு. பயத்துல வாயே திறக்க வரல.

— பயமா? உனக்கா? படகுல இருந்த எங்களுக்குத்தான் பயம். நீ சிரிச்சுக்கிட்டே இறங்கின. இப்பவும் என் கண்ணு முன்னாடி நிக்குது.

— என் கண்ணு முன்னாடியும் நிக்குது. நான் சிரிக்கல.

— ரெண்டு பேரும் ஒரே கடலுக்குத்தான் போனீங்களா?

— நீ சும்மா இரு. தவளை, இப்போ நான் கேட்கறேன், நீ பதில் சொல்லு. நீ தொட்ட பலகை என்ன நிறம்?

— நீலம்.

— நிச்சயமா?

— நிச்சயமா. நீலம், மேல ஒரு ஜாண் அகலத்துக்கு வெள்ளைக் கோடு.

— மாட்டினியா! அந்தப் படகு அன்னைக்கு வெள்ளை. அடி முதல் முனை வரைக்கும் முழுக்க வெள்ளை. நீலம் அடிச்சது அடுத்த வருஷம். அடிச்சது யாரு? நான். எங்க? இதோ, இந்தப் பட்டறை வாசல்ல. ஒன்பது டப்பா பெயின்ட்.

— வெள்ளையா?

— உன் வீட்டுக் கூடத்துல ஒரு போட்டோ மாட்டியிருக்கியே, படகு பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கற மாதிரி, அது அடுத்த வருஷம் பத்திரிகைக்காக எடுத்தது. அதைத் தினமும் பார்த்துப் பார்த்து நீலத்தைத் தலைக்குள்ள ஏத்திக்கிட்ட. அவ்வளவுதான் விஷயம். ஏய், காபி கொண்டா! கேஸ் முடிஞ்சுது!

— ஒரு நிமிஷம் இரு, அண்ணா. நான் யோசிக்கணும்.

— யோசி, நல்லா யோசி.

— இப்பவும் கண்ணை மூடினா நீலமாத்தான் தெரியுது.

— கண்ணை மூடினா என்ன வேணும்னாலும் தெரியும்.

— நீங்க மட்டும் என்னவாம்? கல்யாணமான புதுசுல, இவ நீந்தின அன்னைக்கு வந்த அலை ஆறடி இருந்துச்சு. பெரியவ பொறந்தப்போ எட்டடி ஆச்சு. போன வாரம் பேப்பர் போடறவர்கிட்ட பன்னிரண்டு அடின்னு சொன்னீங்க. இப்படியே விட்டா பேரன் பேத்தி காலத்துல அலை மொட்டை மாடிக்கு வந்துடும்.

— அலை பெருசுதான்! நீ பார்த்தியா?

— நான் பார்க்கல. பார்த்த நீங்கதான் வருஷத்துக்கு ஒரு அடி ஏத்தறீங்க.

— சரி, நிறம் தப்புன்னு ஒத்துக்கறேன், அண்ணா. கண்ணு பார்த்தது மாறியிருக்கலாம். கை தொட்டது மாறல. பலகை சொரசொரப்பா இருந்துச்சு. தண்ணியை விடக் கொஞ்சம் வெதுவெதுப்பா இருந்துச்சு. அந்த வெதுவெதுப்புக்காகத்தான் கையை எடுக்க மனசே வரல.

— கொட்டற மழையில நனைஞ்ச பலகை எப்படி வெதுவெதுப்பா இருக்கும்?

— எந்த மழை?

— எந்த மழையா! எட்டாவது மணி நேரத்துல எதிர்ல நிக்கற ஆள் முகம் தெரியாம கொட்டுச்சே!

— மழை பெய்யவே இல்ல. வெயில். எனக்கு முதுகு எரிஞ்சுச்சு.

— தண்ணிக்குள்ள கெடக்கறவளுக்கு மழை எப்படித் தெரியும்? நீதான் ஏற்கனவே நனைஞ்சவளாச்சே! மேல நின்னு நனைஞ்சது நான்.

— யார் சொல்றது சரின்னு பார்த்துடலாம். நோட்டு கொண்டு வந்திருக்கேன்.

— எந்த நோட்டு?

— கண்காணிப்பாளர் நோட்டு. நீச்சல் சங்கத்துல கேட்டு நேத்து நகல் எடுத்தேன்.

— அதை எதுக்கு இப்போ போய்க் கிளறின?

— ஞாபகத்தை நம்ப முடியாதுன்னு நீதானே இப்போ நிரூபிச்ச? எழுதினதை நம்பலாம் இல்ல? இந்தா, படி.

— கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல.

— உங்க நெத்தி மேல இருக்கு.

— எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு.

— குடு, நானே படிக்கறேன். அண்ணி, நீங்களும் கேளுங்க. சங்கத்துல இருந்து ஒருத்தர் கூடவே படகுல வருவாரு. கால் மணி நேரத்துக்கு ஒரு வரி எழுதணும். நேரம், காத்து, நான் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை கை வீசறேன், இவ்வளவுதான். அவர் எழுத்து குண்டு குண்டா இருக்கு பாருங்க. ஐந்தே முக்கால், அறுபத்தாறு. ஆறு மணி, அறுபத்து நாலு. ஆறே கால், அறுபத்தஞ்சு.

— அறுபத்தாறு! ஒரு நிமிஷத்துக்கு! மெஷின் மாதிரி இருந்தாடி இவ! இருபத்தொரு வயசு. ஆம்பளைங்க மூணு பேர் அதுக்கு முந்தின வருஷம் முயற்சி பண்ணி பாதியில ஏறிட்டானுங்க. இவ போனா, போயிக்கிட்டே இருந்தா. ஜெல்லிமீன் தோள்ல இழுத்துச்சு, ஏழு கோடு, நான் எண்ணினேன். அலறுவான்னு பார்த்தா, தலையைத் தூக்கி, "மணி என்ன"ன்னு கேட்டா.

— அது உண்மை. கேட்டேன்.

— பார்த்தியா! என் ஞாபகம் ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல.

— ஆறாவது மணி நேரத்துல இங்க பாருங்க, அண்ணி. "வாந்தி. இயலவில்லை"ன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அதுக்கப்புறம் எழுத்து மாறுது. சாய்ஞ்ச எழுத்து. அண்ணன் எழுத்து.

— ஆமா. மனுஷன் படகுக்குள்ள சுருண்டு படுத்துட்டாரு. பேனாவை என் கையில திணிச்சுட்டு, இனிமே எல்லாம் உன் பொறுப்புன்னாரு. படகுக்காரர் சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. என்ஜினும் நான், நோட்டும் நான், உனக்குக் குடிக்கக் குடுக்கறதும் நான்.

— பன்னிரண்டரை. அம்பத்தேழு. பக்கத்துல "மழை"ன்னு எழுதியிருக்க.

— கேட்டியா! மழை! எழுதியே இருக்கு!

— சரி, மழை. அதுலேயும் நான் தோத்தேன். அடுத்த மூணு வரியைக் கேளு. பன்னிரண்டே முக்கால், அம்பத்தெட்டு. ஒரு மணி, அம்பத்தெட்டு. ஒண்ணே கால், அம்பத்தெட்டு.

— நல்லதுதானே? ஒரே சீரான வேகம்.

— பதினெட்டு வருஷமா பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றேன். குளத்து ஓரத்துல நின்னு கை வீச்சை எண்ணறதுதான் என் பொழப்பு. ஏழு மணி நேரத்துக்கு மேல நீந்தின உடம்பு, அதுவும் மழையில, மூணு தடவை அடுத்தடுத்து ஒரே எண்ணிக்கை தராது. இதுக்கு முன்னாடி இருபத்தெட்டு வரி இருக்கு. எண்ணிப் பார்த்தேன். அடுத்தடுத்து ஒரே எண் ஒரு இடத்துல கூட இல்ல. அடுத்த வரி, ஒன்றரை மணி, நாற்பத்தொன்பது. அம்பத்தெட்டுல இருந்து ஒரே தாவுல நாற்பத்தொன்பது. உடம்பு அப்படி இறங்காது, அண்ணா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும்.

— அன்னைக்கு இறங்கியிருக்கும். கடல்ல எது வேணும்னாலும் நடக்கும்.

— இந்த மூணு தடவையும் நீ எண்ணல. சும்மா எழுதின.

— என்னங்க? அவ கேட்கறா இல்ல?

— எண்ணினேன்.

— எண்ணினீங்களா?

— எண்ணினதாத்தான் ஞாபகம்.

— இப்போ மட்டும் ஞாபகமாம்! ஜெல்லிமீன் போட்ட கோடு ஏழுன்னு சொல்லத் தெரியுது.

— நான் உன்னைத் திட்ட வரல, அண்ணா. நன்றி சொல்ல வந்தேன். நான் படகைப் பிடிச்சதை நீ பார்த்துட்ட. பார்த்தும் எழுதல, கத்தவும் இல்ல. நோட்டுல ஏதோ ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிட்ட. எனக்காகப் பொய் எழுதிட்டு, இத்தனை வருஷம் அதை மூடிக் காப்பாத்தியிருக்க. அது போதும்னு சொல்லத்தான் வந்தேன்.

— நான் பார்க்கல.

— அண்ணா.

— சத்தியமா நான் பார்க்கல, தவளை. நீ எதையும் பிடிச்சதை நான் பார்க்கவே இல்ல.

— என் மேல வெச்ச கண்ணை ஒரு நிமிஷம் கூட எடுக்கலைன்னுதானே இத்தனை வருஷமா சொல்ற? இன்னைக்கு மேடையிலேயும் அதைத்தானே சொல்லப் போற?

— கடைசி வரியே அதுதான், நாத்தனாரே. அதுக்குத்தான் பெரிய கைதட்டல் வரும்னு எதிர்பார்க்கறாரு.

— அப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தவன் கண்ணுல, என் கை மூணு மூச்சு நேரம் படகு மேல இருந்தது மட்டும் படலையா? ரெண்டுல ஒண்ணு சரியா சொல்லு. பார்த்தியா, பார்க்கலையா?

— பார்க்கல, பார்க்கல, பார்க்கல! எத்தனை தடவை சொல்றது?

— எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம் இருக்குங்க. இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கேன். முதல் ஏழு மணி நேரத்தையும் அணு அணுவா சொல்லுவீங்க. மழை கொட்டுச்சும்பீங்க. அடுத்த வாக்கியத்துல இவ கரையில மணல்ல முட்டி போட்டுக்கிட்டு இருப்பா. நடுவுல இருக்கற நேரமெல்லாம் எங்க போச்சு?

— கதை நீளுதேன்னு சுருக்கிச் சொல்லியிருப்பேன்.

— நீங்களா? சுருக்கியா? கடைக்குப் போய் பல்பு வாங்கினதையே அரை மணி நேரம் சொல்றவரு நீங்க.

— ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கூண்டுல ஏத்தறீங்களா? நல்ல நாளும் அதுவுமா! விடு, தவளை. படகுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. கண்காணிப்பாளரும் போய்ட்டாரு. மிச்சம் நீயும் நானும்தான். யாருக்கு என்ன நஷ்டம்? கல்லு அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

— அதான் பயமா இருக்கு. நாம ரெண்டு பேரும் போனதுக்கப்புறம் அந்தக் கல்லு மட்டும் நிக்கும். பொய்யோட.

— அது பொய் இல்லடி!

— உனக்கு எப்படித் தெரியும்? நீதான் பார்க்கலையே.

— பார்த்தாத்தானா? எனக்குத் தெரியும். நீ தொடல.

— அண்ணா, நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையா கேளு. எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும். படிப்புல நான் சுமார். கல்யாண வாழ்க்கை ஒன்றரை வருஷத்துல முடிஞ்சுது. எங்க போனாலும் நாலு பேருக்குப் பின்னாடி நிக்கற ஆளுதான் நான். வாழ்க்கையில ஒரே ஒரு நாள், யாரையும் பிடிச்சுக்காம, என் கையாலேயே ஒண்ணைச் செஞ்சேன். அது ஒண்ணுதான் என்னோடது. அதுலேயும் மூணு மூச்சு அளவுக்கு ஓட்டை. ஒவ்வொரு தடவை யாராவது கைகுலுக்கறப்போவும் அந்த ஓட்டை வழியா எல்லாம் ஒழுகிப் போயிடுது.

— இப்படியெல்லாம் பேசாத.

— மீதி இருபத்தாறு கிலோமீட்டர் சொச்சம் என்னோடதுதான்னு எனக்குத் தெரியும். அதுல எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையை நான் முழுசா அனுபவிக்கணும்னா, இதை நான் சொல்லியே ஆகணும். அவங்க கல்லை எடுக்கட்டும், குளத்துக்கு வேற பேர் வெக்கட்டும். நான் தலை நிமிர்ந்து கீழ இறங்கி வந்துடுவேன்.

— நீ போய் மைக்ல அப்படிச் சொன்னா, ஊரே என்ன நினைக்கும்?

— தொட்டுட்டான்னு நினைக்கும். தொட்டேன்.

— என்னங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஃபேன் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?

— தவளை, அந்த நேரத்துல வேற என்னெல்லாம் ஞாபகம் இருக்கு உனக்கு?

— பெருசா ஒண்ணும் இல்ல. பலகை. மூணு மூச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி உன் விசில்.

— என்ன சொன்ன?

— விசில். குடிக்கக் குடுக்கறப்போ ரெண்டு தடவை ஊதுவ இல்ல? அப்போ மட்டும் விடாம ஊதிக்கிட்டே இருந்த. எனக்கு எரிச்சலா வந்துச்சு. நான்தான் நீந்திக்கிட்டு இருக்கேனே, எதுக்கு இவன் மாட்டை விரட்டற மாதிரி ஊதறான்னு நினைச்சேன். வேகமா போகச் சொல்றன்னு நினைச்சு இன்னும் இழுத்துப் போட்டேன். அப்புறம் சத்தம் குறைஞ்சுச்சு. நீயும் களைச்சுட்டன்னு நினைச்சேன்.

— கேட்டுச்சா உனக்கு?

— கேட்டுச்சு.

— அப்போ நீ ஏன் திரும்பிப் பார்க்கல?

— திரும்பியா? நீ எனக்கு இடது பக்கம்தானே இருந்த? எதுக்குத் திரும்பணும்?

— என்னங்க, அழறீங்களா?

— கிரீஸ் கையைக் கண்ணுல வெச்சுட்டேன்.

— அண்ணா, எதுக்குத் "திரும்பி"ன்னு கேட்ட?

— அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு. நான் உட்காரணும்.

— இந்தாங்க, தண்ணி குடிங்க. மெதுவா.

— படகுல ரெண்டு கேன் இருந்துச்சு. ரெண்டும் வெள்ளை, ரெண்டும் ஒரே அளவு. நான்தான் வாங்கினேன், ஜோடியா. ஒண்ணுல டீசல். ஒண்ணுல உனக்குக் குளுக்கோஸ் கலக்கத் தண்ணி. பன்னிரண்டரைக்கு டேங்க்ல டீசல் இறங்கிடுச்சு, ஊத்தணும். நீ அப்போ தளர ஆரம்பிச்சிருந்த. தோள் சரியா எழும்பல. உன்னை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாதுன்னு, கையைப் பின்னாடி விட்டுத் துழாவி, கேனை இழுத்து, உன்னைப் பார்த்துக்கிட்டே ஊத்தினேன்.

— எந்தக் கேனை?

— பாதி ஊத்தினதுக்கப்புறம்தான் வாசனையே வரலைன்னு உறைச்சுது.

— ஐயையோ! தண்ணியையா ஊத்தினீங்க? டீசல் டேங்க்லயா?

— ஆமா.

— நீங்க மெக்கானிக்குங்க!

— மெக்கானிக்குதான். அவன் கை பட்ட என்ஜின் நடுக்கடல்ல நிக்காதுன்னு துறையில சொல்றானுங்களே, அதே மெக்கானிக்குதான். சின்னப் பையன் கூடச் செய்ய மாட்டான் அந்தத் தப்பை. என்ஜின் ரெண்டு தடவை இருமிச்சு, நின்னுடுச்சு. படகுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. ஆனா ஒரு வார்த்தை சொல்லல, சாகற வரைக்கும் யார்கிட்டேயும் சொல்லல. நானும் சொல்லல. எனக்கு வாய் வரல, தவளை. உன் பேருக்குப் பக்கத்துல நிக்கணும்னு ஆசை இருந்துச்சு. இதைச் சொன்னா நிக்க முடியுமா?

— சரி, அண்ணா. இப்போ புரியுது. என்ஜின் நின்னுடுச்சு, படகு நின்னுடுச்சு. நானும் களைச்சுப் போய் அதைப் பிடிச்சுக்கிட்டேன். அப்போ நீ உள்ள குனிஞ்சு டேங்கைப் பார்த்துக்கிட்டு இருந்த. அதான் நான் தொட்டதைப் பார்க்கல.

— அப்படி இல்ல.

— பின்ன?

— நீ நிக்கல. மழைச் சத்தத்துல என்ஜின் நின்னது உனக்குத் தெரியல. நீபாட்டுக்குப் போயிக்கிட்டே இருந்த. கத்தினேன். உதடு வெடிக்கற வரைக்கும் ஊதினேன். காத்து எங்களை ஒரு பக்கமா தள்ளிக்கிட்டுப் போகுது. முதல்ல உன் மஞ்சள் தொப்பி தெரிஞ்சுச்சு. அப்புறம் அதுவும் தெரியல. ஒரு கையால டேங்கை வடிக்கறேன், ஒரு கையால அம்பத்தெட்டு, அம்பத்தெட்டுன்னு எழுதறேன். நீ இருக்கன்னு எழுதிக்கிட்டே இருந்தா நீ இருப்பன்னு ஒரு பைத்தியக்கார நினைப்பு.

— ஆனா நீங்க என் இடது பக்கம் இருந்தீங்க. நான் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கறப்போ எல்லாம் படகு தெரிஞ்சுச்சு. நீலமா.

— நீலமா.

— அப்போ நான் மூணு மூச்சு பிடிச்சுக்கிட்ட பலகை? அது எது, அண்ணா? சரியா சொல்லு.

— அது எனக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு என்ஜின் நின்னதுல இருந்து, ஒண்ணு பத்தொன்பதுக்குத் திரும்ப உன்னைக் கண்டுபிடிக்கற வரைக்கும், நாற்பத்தொரு நிமிஷம், உன் பக்கத்துல படகே இல்ல, தவளை. அவ்வளவு பெரிய கடல்ல நீ தனியாத்தான் நீந்தின.